பூட்ஸைக் கழற்றினால் குடித்தனம்

நான் இறைச்சிக் கூடத்தில் ஆடு அறுத்துப் பிழைத்தவன். முழங்கால் தேய்ந்துபோன பிறகு மண்வாரி எந்திரம் ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு அஸ்திவாரக் குழி தோண்டிக் கொடுக்கிறேன். ஆகவே வன்முறையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ரத்தத்தில் நின்றுகொண்டே சாண்ட்விச் தின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், தே ஹௌ மாவட்ட மன்றத்தின் சுவர்ப் பிடிமான ஆவணப் பிரிவு செய்த கொடுமையை எந்த அறுப்புக் கூடத்திலும் கண்டதில்லை. கூடத்தில் ஆட்டுக்கு ஒரே வெட்டு. வெட்டுவதற்கு முன்னால் அதனிடம் ஆதாரம் கேட்க மாட்டோம்.

தெற்கிலிருந்து வருகிற காற்றைத் தென்றல் என்று கொஞ்சுகிற ஊர்கள் உலகில் இருக்கின்றனவாம். எங்கள் தே ஹௌ முனைக்குத் தெற்கே நியூசிலாந்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதைத் தாண்டினால் பனிக்கண்டம். அங்கே புறப்படுகிற காற்றுக்கு வழியில் அடிக்க ஆள் கிடைப்பதில்லை. மொத்தத்தையும் எங்கள் தலையில் இறக்கிவிட்டுப் போகும். காற்று ஓய்ந்த நாட்களில் பூமி ஆடும்.

அதனால்தான் இங்கே வீடுகள் எல்லாம் மரத்தில். மரச்சட்டங்களை நிறுத்தி, மேலே பிளைவுட் பலகையை நெருக்கமாக ஆணியடித்து, அடியில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் இறுக்கினால் அந்தச் சுவர் பக்கவாட்டில் சாயாது. இதற்குப் பிடிமானம் என்று பெயர். வீட்டுக்கு எவ்வளவு பிடி வேண்டும், எந்தச் சுவர் எவ்வளவு தரும் என்று கணக்கெழுதி மன்றத்தில் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து நிலத்துக்காரன் எருவேரா. சிங்கி இறால் பிடிக்கிறவன், வாய் அதிகம் இல்லாதவன். போன பூகம்பத்தில் அவனுடைய அப்பா காலத்து வீடு மடங்கி விழுந்தது. புகைபோக்கியின் செங்கல் அத்தனையும் கூரையைப் பொத்துக்கொண்டு படுக்கையில் இறங்கியிருந்தது. அவனும் மனைவி நைரியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த நாய் பிழைக்கவில்லை. அதைத் தோண்டி எடுத்தது என் எந்திரம்தான். எருவேரா அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். புது வீடு கட்டப்போவதாக மறுநாள் வந்து சொன்னான்.

"எத்தனை பிடி வேணும்னு சட்டம் சொல்லுதோ, அதுக்கு மூணு மடங்கு போடப்போறேன் ப்ரோ. இந்த வீடு யாரையும் கொல்லக் கூடாது."

வீடு முடிகிறவரை இருவரும் நிலத்தின் ஓரத்தில் ஒரு பழைய கேரவன் வண்டியில் குடியிருந்தார்கள். மூன்று மடங்கு என்பதில்தான் சனி பிடித்தது.

பிடிமான அதிகாரியின் பெயர் கிரெய்க் ஃபாதர்கில். ஆலங்கட்டி மழையிலும் அரைக்கால் சட்டைதான் போடுவார். முழங்கால் வரை கம்பளிக் காலுறை. எங்கள் ஊரில் மன்றத் தலைவரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவர்களும் நம்மை அப்படியே. கிரெய்க் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை, முடியாது என்று சொன்னதுமில்லை. வரும்போதெல்லாம் தன் வீட்டு மரத்து ஃபெய்ஜோவாப் பழம் ஒரு பை கொண்டுவருவார். அந்தப் பையைக் கண்டாலே நைரி கேரவன் கதவைச் சாத்திவிடுவாள்.

மனு கொடுத்த பத்தொன்பதாம் நாள் மன்றத்திலிருந்து கூப்பிட்டார்கள், எருவேராவோடு நானும் போனேன். கிரெய்க் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு வருத்தமாகச் சிரித்தார்.

"தேவை நூறு. நீங்க முந்நூறு காட்டியிருக்கீங்க எருவேரா. எதுக்கு?"

"விழக்கூடாதுன்னுதான்."

"நூறு இருந்தாலே விழாதே. மீதி இருநூறு எதுக்காக நிக்குது? நமக்குத் தெரியாத ஏதோ ஒரு அபாயம் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அதை எழுத்துல குடுத்துருங்க, ஜாலியா முடிச்சிரலாம்."

சொல்லிக்கொண்டே எழுந்து சுவரிடம் போனார். அந்த அறையின் நான்கு சுவரிலும் கடிகாரங்கள் தொங்கின, ஒரு மனுவுக்கு ஒன்று. இருபது வேலை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் மன்றம் ஏதாவது கேள்வி கேட்டால், பதில் வருகிறவரை நாள் ஓடாது. ஆகவே பத்தொன்பதாம் நாள் கிரெய்க் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அந்தக் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றிவிடுவார். எருவேராவின் கடிகாரத்திலிருந்து கழற்றியதை ஒரு மரக்கிண்ணத்தில் போட்டார். கிண்ணம் நிறைந்து வழிந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு மனுகூட இருபது நாளைத் தாண்டினதில்ல" என்றார் பெருமையாக. "நாட்டுலயே வேகமான பிரிவு நாங்கதான்."

அபாயத்தை எழுதிக் கொடுத்தான் எருவேரா: காற்று, பூகம்பம். அடுத்த கேள்வி வந்தது. பிடிமானச் சுவரில் பூனை நுழைய ஓட்டை வெட்டினால் பிடி குறையும். உங்களிடம் பூனை உண்டா? இல்லை என்றான். இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரன் என்ற முறையில் நான் உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன்: இவர்களிடம் பூனை கிடையாது, இருந்த நாயையும் பழைய வீடு கொன்றுவிட்டது. அதற்கும் ஒரு கேள்வி வந்தது. இனிமேல் நாய் வளர்க்கும் உத்தேசம் உண்டா, உண்டென்றால் அதன் தோள் அகலம் என்ன?

அந்தக் கேள்வியைப் படித்த அன்று எருவேரா படகுக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இறால் கூண்டுகள் அத்தனையையும் சம்மட்டியால் அடித்து நொறுக்கினான். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி கட்டினான்.

எப்படியோ அனுமதி வந்தது. கோடை முழுக்க வேலை செய்து, குன்றின் தோளில் அழகான சிறு வீடு ஒன்றை எழுப்பினான். அஸ்திவாரக் குழி என்னுடையது என்பதால் சொல்லவில்லை, என் லாரியை அந்தச் சுவரில் மோதினால் லாரிதான் செத்திருக்கும். மீதி இருந்தது முடிவுச் சான்றிதழ் ஒன்றுதான். அது இல்லாமல் குடியேறக் கூடாது.

கிரெய்க் பழப்பையோடு வந்தார். ஒவ்வொரு ஆணியையும் அளவு நாடாவோடு சேர்த்துப் படமெடுத்து வைத்திருந்தான் எருவேரா. கிரெய்க் நிதானமாகப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா இதுல ஆணியோட தலைதான் தெரியுது."

"பின்ன? உடம்பு மரத்துக்குள்ள இருக்கு."

"இருக்குன்னு நீங்க சொல்றீங்க. தலை மட்டும் இருக்கிற ஆணியா இருந்தா? ஒண்ணு ஒண்ணா வெளிய எடுத்து, நீளத்தைக் காட்டி ஒரு படம். அவ்ளோதான்."

ஆணிகளைப் பிடுங்கினான். மீனவனுடைய கை, கயிறும் உப்பும் தின்ற கை. அது கிழிய மூன்று நாள் பிடித்தது. பிடுங்கிய ஆணி வளைந்துவிடுமாகையால் வாசல் பாதையில் எறிந்துவிட்டுப் புது ஆணி அடித்தான். கிரெய்க் வந்தார்.

"படத்துல இருக்கிற ஆணி சுவர்ல இல்லையே எருவேரா. இப்ப சுவர்ல இருக்கிறது வேற ஆணி. இதோட உடம்பை நாங்க பார்க்கலையே."

மறுபடி பிடுங்கினான். இரண்டாவது தடவை கடப்பாரை வழுக்கி, முன்னங்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துகொண்டு போயிற்று. தோல் பிரிந்து உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது. நான் என் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். ரத்தம் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் கொட்டிப் பிடிமானச் சுவர் ஒன்றை முழுக்க மூடிவிட்டது. கிரெய்க்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர்தான்.

"ஐயோ பாவம். வலிக்குமே. எருவேரா, இந்தச் சிவப்பு அங்கீகரிச்ச வரைபடத்துல இல்ல. திருத்தம்னு எடுத்துக்கிறதா, கறைன்னு எடுத்துக்கிறதா? நீங்களே எழுதிக் குடுத்துருங்க. அதுவரைக்கும் கடிகாரத்தை நிறுத்தி வைக்கிறேன்."

மூன்றாவது தடவையும் பிடுங்கினான். வாசலிலிருந்து சாலை வரை பாதையெல்லாம் துருப்பிடித்த வளைந்த ஆணிகள், முனை மேலே பார்த்துக் கிடந்தன. கூட்டி அள்ளலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம், நாளைக்கு அதையும் கேட்பார்கள் என்றான்.

இதற்குள் இலையுதிர் காலம் வந்து தெற்குக் காற்றும் வந்துவிட்டது. முதல் புயலன்று எருவேரா கடலிலிருந்து இன்னும் திரும்பியிருக்கவில்லை. நைரி தனியாகக் கேரவனில் இருந்தாள். என் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கேரவன் ஒரு பக்கம் தூக்கி, யோசிப்பது போல நின்று, பிறகு உருள ஆரம்பித்தது. சரிவில் உருண்டு வேலி மரங்களில் மோதித்தான் நின்றது. கதவை வெட்டித் திறந்தபோது நைரி கூரையில் கிடந்தாள், கூரை கீழே இருந்தது. கழுத்தெலும்பு முறிந்து தோலைக் குத்திக்கொண்டு நின்றது. முன்பல் ஒன்று இல்லை. சாமான்கள் எல்லாம் அவள் மேல்.

"கிளாரி" என்றாள் என்னைப் பார்த்து. "எழுபதடி தள்ளி எனக்கு ஒரு வீடு இருக்கு இல்ல?"

அந்தப் புயலில் புது வீட்டின் ஓர் ஓடுகூட அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து மன்றத்திலிருந்து ஆறுதல் சொல்ல வந்தார்கள். கிரெய்க்கோடு அவருடைய மேலாளர் ஷெரில் ட்ரெமெய்ன். பிடிமானப் பிரிவு முழுவதும் அந்த அம்மாளின் பொறுப்பு. நைரி தோளில் கட்டோடு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஷெரில் அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நைரி, உங்க வலி எங்க வலி. ஆனா ஒரு விஷயம் உங்களுக்குத் தெளிவா இருக்கணும். கேரவனுக்குச் சக்கரம் இருக்கு. சக்கரம் இருந்தா அது கட்டிடம் இல்ல. கட்டிடம் இல்லாதது உருண்டா அது பிடிமானக் குறை ஆகாது. அது பயணம்."

"நான் உள்ள இருந்தேன்" என்றாள் நைரி.

"அப்ப நீங்க பயணி."

நைரி நல்ல கையால் கெட்டிலை எடுத்து வீசினாள். குறி ஷெரிலுக்கு, போய் விழுந்தது கிரெய்க்கின் வெறும் முழங்காலில். வெந்நீரோடு. கிரெய்க் காலைப் பிடித்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிக் குதித்தார். பரவாயில்ல, பரவாயில்ல என்று சொல்லிக்கொண்டேதான் குதித்தார்.

அன்றைக்கு நைரி எருவேராவிடம் சொல்லிவிட்டாள். "பிரிஸ்பேன்ல எங்க அக்கா வீடு செங்கல்ல கட்டினது. அடுத்த புயலுக்கு முன்னாடி எனக்கு நம்ம புது வீட்டுச் சுவருக்குள்ள ஒரு படுக்கை வேணும். இல்லன்னா ஆஸ்திரேலியாவுக்கு டிக்கெட் போட்டுருவேன். நீ இங்கயே ஆணி பிடுங்கிக்கிட்டு இரு."

எருவேரா மன்றத்துக்குப் போய் ஷெரிலின் மேசை முன்னால் நின்றான். குடியேறாமல், சும்மா உள்ளே இருக்க வழி உண்டா என்று கேட்டான். ஷெரில் விதிப் புத்தகத்தைப் பார்த்து மலர்ந்தாள்.

"தாராளமா இருக்கலாமே! சான்றிதழ் வர்ற வரைக்கும் அது வேலைத்தளம். தலைக்கவசமும் பூட்ஸும் போட்டு உள்ள இருக்கிறவங்க வேலையாளுங்க. வேலையாள் எந்நேரமும் இருக்கலாம், படுக்கக்கூடச் செய்யலாம். ஆனா வாசல்ல பூட்ஸைக் கழட்டி வெச்சிட்டு உள்ள போனா அது வீடு. குடித்தனம். சான்றிதழ் இல்லாத கட்டிடத்துல குடித்தனம் பண்ணினா ஆளை வெளியேத்திப் பூட்டுப் போட்டுருவோம். பூட்ஸ்ல கவனமா இருங்க."

எங்கள் நாட்டில் பூட்ஸோடு ஒருவர் வீட்டுக்குள் நுழைவதைவிட அவர் முகத்தில் துப்பிவிடலாம், அது மரியாதை. பிரதமரே வந்தாலும் வாசலில் குனிந்து கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். நான் முதல் நாள் ஒரு பன்றி இறைச்சித் துண்டோடு அவர்களைப் பார்க்கப் போனபோது கால் தன்னாலேயே பூட்ஸிலிருந்து வெளியே வந்துவிட்டது. நைரி அலறினாள்.

"போடு, போடு! சாலையில கிரெய்க் நிக்கிறான் பாரு!"

அப்படி ஆரம்பித்தது அந்தக் குடித்தனமில்லாத குடித்தனம். இருவரும் தலைக்கவசத்தோடு சாப்பிட்டார்கள், பூட்ஸோடு படுத்தார்கள். விடிந்ததும் கிரெய்க் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்ப்பார், போர்வைக்கு வெளியே நான்கு பூட்ஸும் தெரிந்தால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். முறிந்த எலும்போடு நைரியால் குனிய முடியாது. அவளுக்குக் கயிறு கட்டிவிடுவது எருவேராதான். அவள் பாதம் வெந்து புண்ணாகிவிட்டது. நெருங்கி வந்தால் தலைக்கவசங்கள் முட்டிக்கொள்கிற சத்தம் என் நிலம் வரை கேட்கும்.

"தலையில சட்டி கவுத்துக்கிட்டுத் தூங்கறதுக்கா உன்னைக் கட்டினேன்?" என்று ஒருநாள் அவள் கத்தியதும் கேட்டது. டிக்கெட்டை அவள் போட்டுவிட்டாள் என்று எருவேரா மறுநாள் என்னிடம் சொன்னான். வெள்ளிக்கிழமை விமானம்.

வியாழக்கிழமை காலையில் பிரிவே திரண்டு வந்தது. ஷெரில், கிரெய்க், இன்னும் மூன்று பேர். ஒரு பெரிய லாரி, அதில் ஒரு வின்ச், அது சுற்றி இழுக்க இரும்பு வடம். பின்னால் சக்கரம் வைத்த ஒரு நடமாடும் அலுவலகம். ஆணிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால் நேரடிச் சோதனை நடத்தப்போவதாக ஷெரில் அறிவித்தாள். வீட்டின் மூலையில் வடத்தை மாட்டி இழுத்துப் பார்ப்பார்களாம்.

"சாயலைன்னா?" என்றான் எருவேரா.

"சாயற வரைக்கும் இழுப்போம். சாய்ஞ்சாத்தானே எவ்வளவு தாங்கும்னு எழுத முடியும்?"

"சாய்ஞ்சப்புறம்?"

"சான்றிதழ் உடனே!"

எருவேரா கொட்டகைக்குப் போய்ச் சம்மட்டியோடு திரும்பினான். ஷெரில் அதைக் கவனிக்கவில்லை. சக ஊழியர்களைச் சுற்றி நிறுத்திச் சிறு உரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வீடு நிக்குதா விழுதாங்கிறது நம்ம வேலை இல்ல. அதைக் காத்து பார்த்துக்கும். நிக்கும்னு எழுதியிருக்கா, அதுதான் நம்ம வேலை. போன பூகம்பத்துல எத்தனையோ வீடு போச்சு. ஒரு வீட்டோட கோப்புலயாவது ஒரு பக்கம் குறைஞ்சதா? ஒரு இடிபாட்டு மேல ஏறி நின்னு அந்த வீட்டுக் கோப்பைத் திருப்பினேன். கீழ ஆளுங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. அவ்ளோ சுத்தம், அந்தக் கோப்பு."

கைதட்டினார்கள். வின்ச் சுழன்றது. வடம் விறைத்து முனகியது. வீடு அசையவில்லை. இன்னும் இழுத்தார்கள். லாரியின் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. அப்போதுதான் குன்றுக்கு மேலே வானம் கறுத்ததை நான் பார்த்தேன். புயல் வருமென்று வானொலி விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. ஆனால் சோதனைத் தேதியை மாற்ற வேண்டுமானால் தனி அனுமதி தேவையாம்.

முதல் வீச்சில் வடம் அறுந்தது. அறுந்த முனை சாட்டையாகச் சுழன்று, லாரியின் தலையை வெட்டி, கிரெய்க்கின் தலைக்கவசத்தைப் பறித்து, இடது காதின் மேல்பாதியையும் கொண்டுபோயிற்று. ஆட்டுக்குட்டிக்குக் காதில் அடையாளம் வெட்டுவோமே, அந்த அளவு, அவ்வளவு சுத்தமாக. கிரெய்க் கையை வைத்துப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மண்டியிட்டுவிட்டார். இரண்டாவது வீச்சில் நடமாடும் அலுவலகம் கிளம்பியது. சக்கரம் இருந்ததால் அது கட்டிடம் இல்லை. சரிவில் உருண்டு, பாறையில் ஒருமுறை துள்ளி, கடலுக்குள் பயணம் போயிற்று. மேலே யாருடைய கூரைத் தகடோ கத்தி போலச் சுழன்று வந்து என் மண்வாரியின் கண்ணாடியில் செருகிக்கொண்டது.

எருவேரா சம்மட்டியைக் கீழே போட்டான். கிரெய்க்கைத் தோளில் தூக்கிக்கொண்டு, "உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க!" என்று கத்தினான். புல்வெளி வழியாகக் குனிந்து ஓடினோம். நைரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள், ஒற்றைக் கையால்.

வாசலில் நான் கண்டதை என் சாவு வரை மறக்க மாட்டேன். தலைக்கு மேல் மரக்கிளை பறக்கிறது. காதில்லாதவர் ரத்தம் சொட்ட நிற்கிறார். ஷெரில் தரையோடு தரையாகக் கிடக்கிறாள். அந்த நிலையிலும் ஐந்து பேரும் குனிந்து கயிற்றை அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றி, ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். தாய்மார்கள் நன்றாக வளர்த்திருந்தார்கள். நானும் குனிந்தேன், நைரி என் பின்மண்டையில் ஓர் அறை வைத்தாள். நாங்கள் மூவரும் பூட்ஸோடும் கவசத்தோடும் நுழைந்தோம்.

சாயங்காலம் வரை அடித்தது. வேலி மரம் ஒன்று வேரோடு பறந்து வந்து தெற்குச் சுவரில் மோதியது. அடுப்படி ஜன்னல் வெடித்து, கண்ணாடிச் சில்லு ஒருவருடைய கன்னத்தைக் கிழித்தது. வீடு ஒரு உறுமல் உறுமியதோடு சரி. நைரி கிரெய்க்கின் காதில் பாத்திரம் துடைக்கிற துணியை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். அவர் சின்னக் குழந்தை மாதிரி அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதார். ஷெரில் தெற்குச் சுவரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மேல்சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கோப்பு எட்டிப்பார்த்தது. கிரெய்க்கை விட்டுவிட்டு அதைத்தான் காப்பாற்றி எடுத்து வந்திருந்தாள்.

"இந்தச் சுவர் எத்தனை பிடி தாங்கும் எருவேரா?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்க கையில இருக்கிற கோப்புல எழுதியிருக்கு."

"அதுல இருக்கிறதைக் கேக்கல! நெஜமா எத்தனை?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

காற்று இறங்கியது. வெளுப்பாக ஒரு வெயில் வந்தது. எட்டுப் பேரும் உயிரோடு இருந்தோம். நைரி தேநீர் போட்டுக் கொடுத்தாள். கிரெய்க் ஒவ்வொரு சுவராகப் போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஷெரில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள், மூக்கைத் துடைத்தாள், கோப்பைப் பிரித்தாள். என்னிடம் பேனா கேட்டாள். கொடுத்தேன். சான்றிதழ் எழுதப்போகிறாள் என்று நினைத்துக் கொடுத்த பாவி நான்.

"எருவேரா, நைரி, எங்க உயிரைக் காப்பாத்தினீங்க. வாழ்நாள் பூரா மறக்க மாட்டோம். ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, வீடு நின்னப்போ உள்ள நாங்க அஞ்சு பேரு இருந்தோம். நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். நாங்க இல்லாம நிக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்ல. ரெண்டாவது," அவள் வாசலைக் காட்டினாள், "வாசல்ல பூட்ஸைக் கழட்டியாச்சு. நான் என் கண்ணாலயே பார்த்தேன். குடித்தனம் நடந்திருக்கு. இந்த வீட்டைப் பூட்டணும்."

எருவேராவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கை தரையில் சம்மட்டியைத் தேடியது. அது வெளியே புல்லில் கிடந்ததுதான் ஷெரிலின் அதிர்ஷ்டம். அவன் வெறும் கையோடு எழுந்தான். நைரி அவன் நெஞ்சில் கைவைத்து நிறுத்தினாள்.

"எழுதுங்க ஷெரில்" என்றாள். "குடித்தனம் பண்ணினவங்க பேரையும் எழுதணும் இல்ல?"

"ஆமா, கண்டிப்பா."

"எழுதுங்க. என் காலைப் பாருங்க. பூட்ஸ். இவன் காலு, பூட்ஸ். கிளாரி காலு, பூட்ஸ். நாங்க வேலையாளுங்க. பூட்ஸைக் கழட்டினவங்க யாரு?"

ஷெரில் குனிந்து பார்த்தாள். நீலக் கம்பளிக் காலுறை, கட்டைவிரலில் ஓட்டை. கிரெய்க் தன் காலைப் பார்த்தார். மற்ற மூவரும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.

"வெளிய போய்ப் போட்டுக்கிட்டா..." என்று கிரெய்க் எழுந்து கதவைத் திறந்தார். வாசலில் ஒன்றும் இல்லை. ஐந்து ஜோடியும் அலுவலகத்தைத் தேடிக் கடலுக்குப் போயிருந்தன.

"சான்றிதழ் இல்லாத கட்டிடத்துல மன்ற அதிகாரிங்க அஞ்சு பேரு குடித்தனம்" என்றாள் நைரி. "விதி என்ன ஷெரில்? வேலை போகுமா, இல்ல வேலையோட பென்ஷனும் போகுமா?"

ஷெரில் நேர்மையானவள். விதியைத் தனக்காக வளைக்க அவளுக்குத் தெரியாது. தெற்குச் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பூட்ஸைக் கழற்றுவதற்கு முந்தைய, நேற்றைய தேதி போட்டு, இந்தக் கட்டிடத்தின் பிடிமானம் எல்லா வகையிலும் திருப்தி என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"ஆணிப் படம்?" என்றார் கிரெய்க் பழக்கதோஷத்தில்.

"வாயை மூடுங்க கிரெய்க்."

"கடிகாரம்?"

ஷெரில் தாளைக் கிழித்து நைரியிடம் நீட்டினாள். நைரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு எருவேராவிடம் கொடுத்தாள். தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். எருவேரா மண்டியிட்டு அவளுடைய பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது, மெதுவாக உரித்தான். அவள் வெறுங்காலோடு தரையில் நின்று, அந்தப் பூட்ஸை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். நாயைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாதவன்.

"சரி" என்றாள் நைரி, அதிகாரிகளைப் பார்த்து. "இது இப்ப எங்க வீடு. கெளம்புங்க."

அவர்கள் எழுந்தார்கள். வாசல்படியில் போய் நின்றார்கள். படியிலிருந்து சாலை வரை, மூன்று தடவை பிடுங்கிப் போட்ட ஆணிகள் மழையில் கழுவி மினுங்கின. இரு பக்கமும் விழுந்த மரங்களும் கூரைத் தகடுகளும். அந்தப் பாதையைத் தவிர வேறு வழி இல்லை. ஐந்து ஜோடிக் கம்பளிக் காலுறைகள்.

என் மண்வாரியின் வாளியில் ஐந்து பேரை ஏற்றிச் சாலையில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். எந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி மட்டும்தான் போயிருந்தது. எனக்கு அது தோன்றவும் செய்தது.

கிரெய்க் முதல் அடியை வைத்தார். "ஆஆ! எருவேரா! ஆணி! முழுசா உள்ள போயிருச்சு!"

எருவேரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தான்.

"தலைதான் தெரியுது கிரெய்க்" என்றான்.